வளையத்தில் புகுந்தது

கீழக்கரைக் கிட்டங்கியில் என் வேலை
ஒரு பித்தளை வளையத்தைப் பிடித்திருப்பது.
சங்கு அதற்குள் நுழைந்துவிட்டால் சிறுசு,
கடலுக்குத் திரும்ப வேண்டும் என்பது சட்டம்.
நுழையாமல் தோள் தட்டி நின்றால்
நோட்டில் ஒரு கோடு.
ஐந்தாவது கோடு மற்ற நான்கையும்
குறுக்கே கட்டும், படலுக்கு வரிச்சு கட்டுவதுபோல.

சட்டத்தை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறது.
பக்கத்து ஆணியில் நைனா முகம்மது முதலாளி
சட்டையை மாட்டுவார்.
பகல் முழுக்க சட்டை சட்டத்தை மறைத்திருக்கும்.

வருகிறவர்கள் எல்லாம் வலம்புரி இருக்கா என்கிறார்கள்.
பதினோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.
பார்த்ததெல்லாம் இடம்புரி.
அழுக்குத் தோல் போர்த்தி
சாக்குக்கு அடியில் அழுகக் கிடக்கும் இடம்புரி.
சதை கழன்று வர நாலைந்து நாளாகும்.
அந்த வாடை சோப்புக்குப் போகாது.
பள்ளிக்கூட வாசலில் என் மகள்
என்னைவிட்டு இரண்டு முழம் தள்ளி நிற்கிறாள்.
கழுவிய ஓடு கல்கத்தாவுக்குப் போகிறது,
யார் யார் கைக்கோ வளையலாக.
என் கையில் கிடப்பது பிளாஸ்டிக்.

ஓடு என்றால் காவல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.
தட்டினால் பாறை. ஆணி இறங்காது.
வாசலில் ஒரு கதவு வேறு,
அடிபட்டுக் கறுத்த நகம் மாதிரி,
உள்ளிருந்து மட்டும் சாத்துவது.
கல் வாங்கவில்லை, கொத்தனாரைக் கூப்பிடவில்லை,
உடம்பிலிருந்தே சுரந்து சுரந்து
விளிம்பில் ஒட்டிய சுவர்.
பழைய அறையை இடிக்காமல்
புது அறைக்கு நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.
நண்டு தோற்றுப்போன வீட்டை
ஆள் அப்படியே அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறான்.
ஒன்றைக்கூட உடைக்கவில்லை.
எப்படி உடைப்பான்?
வந்ததே ஓட்டுக்காகத்தானே.

பெரியபட்டினம் கலந்தர் எட்டுப் பாகம் இறங்குவார்.
இடது காது போய் வருஷமாச்சு.
ஒருநாள் விளையாட்டுக்கு
வெறும் சங்கு ஒன்றை அந்தக் காதில் வைத்தேன்.
"எனக்கெதுக்குமா இது,
உள்ள ராவும் பகலும் அதான் இரையுது" என்றார்.
அவருக்கு ஓடு கிடையாது.
முகத்துக்கு ஒரு கண்ணாடி,
காலுக்கு அலுமினியத் தட்டு,
இடுப்பில் வலைப்பை,
மிச்சம் மூச்சு.

மாசியில் ஒருநாள் அவர் கொட்டியதில்
பாதிக்குமேல் வளையத்துக்குள் வழுக்கி ஓடியது.
அடுத்த நாள் அவர் மகளுக்கு
ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் ஆபரேசன்.
அவர் எதுவும் கேட்கவில்லை.
தலை துவட்டுகிற மாதிரி
துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.
நான் வளையத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்.

சாய்த்துப் பிடித்தால் எதுவும் தட்டும்.
பட்டாணி கூடத் தட்டும்.

மூன்றாம் நாள் சாக்கைப் புரட்டினேன்.
எல்லாம் நாறிக்கொண்டிருந்தது, ஒன்றைத் தவிர.
சின்னது. என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது.
கதவில் விரல் வைத்தேன்.
ஒரு நெல்லளவு உள்ளே போனது.
அல்லது என் விரல்தான் நடுங்கியதா?

டிபன் பாக்ஸில் வைத்து, மேலே குழம்புத் தூக்கை வைத்து,
மக்ரிபுக்குக் கடை அடைத்த நேரம்
ஜெட்டி நுனிவரை நடந்தேன்.
நீர் வற்றிக் கிடந்தது. பலம் கொண்டமட்டும் எறிந்தேன்.
தூண்டில் போட்டிருந்த பையன்
"என்னக்கா அது?" என்றான்.
கல்லு என்றேன்.
கல் மாதிரியேதான் சத்தம் கேட்டது.

காலையில் கணக்கில் ஒன்று குறைந்தது.
முதலாளி சட்டையை மாட்டிவிட்டு
கோடுகளை எண்ணினார், மறுபடி எண்ணினார்,
என்னைப் பார்த்தார்.
வளையத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
வாயைச் சாத்தியிருந்தேன்,
உள்ளிருந்து.